சுதைப் புத்தர்களின் உடம்பு எங்கே போனது?

பாரிஸின் கிமே அருங்காட்சியகம் போன்ற பெரிய காட்சிக்கூடங்களில், இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் இருந்த காந்தாரத்தின் சிற்பங்கள் வைத்த பகுதிக்குள் நுழைந்தால் ஒரு வித்தியாசம் சீக்கிரமே கண்ணில் படும். சாம்பல் நிறக் கல்லில் செதுக்கியவை முழு உருவங்களாகவோ கதை சொல்லும் பலகைகளாகவோ இருக்கும். வெள்ளைச் சுதையில் செய்தவை மட்டும் தலை தலையாக வரிசையில் நிற்கும். பாதி மூடிய கண், அலை அலையான முடி, லேசாக மேலேறிய உதட்டோரம், கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. பெயர்ப்பலகையில் ஹத்தா என்றோ தட்சசீலம் என்றோ எழுதி, 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரை ஏதோ ஒரு காலம் போட்டிருப்பார்கள்.

படையெடுத்தவர்கள் தலையைக் கொய்தார்கள், கொள்ளையர்கள் மிச்சத்தை விற்றார்கள் என்பது வழக்கமான விளக்கம். இரண்டும் நடந்ததுதான். ஆனால் பெரும்பகுதிப் பதில் அந்தச் சிலைகளைச் செய்த பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால், இந்தச் சிலைகளுக்கு யார் காசு கொடுத்தார்கள், எப்படி வணங்கினார்கள் என்பதும் சேர்ந்து வெளியே வரும்.

தமிழ் வாசகருக்குச் சுதையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோபுரத்தில் நிற்கும் துவாரபாலகர், பூதம், யாளி எல்லாம் சுதைதான். செங்கல்லால் எலும்புக்கூடு கட்டி, சுண்ணாம்புச் சாந்தால் சதை வைத்து, மேலே வண்ணம் தீட்டியவை. குடமுழுக்கு வரும்போது உதிர்ந்த இடத்தில் மறுபடி காரை வைத்து, மங்கிய வண்ணத்தைப் புதுப்பிக்கிறார்கள். அந்தப் புதுப்பித்தலும் வழிபாட்டில் சேர்த்திதான். காந்தாரத்துச் சுதையையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். பௌத்தத்துக்கும் சுதைக்கும் தமிழ்நாட்டிலேயே பழைய உறவு உண்டு. புகார் நகரத்து மாடங்களில் வெண்சுதையில் செய்த வானவர் உருவங்களை ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று மணிமேகலை சொல்கிறது. ஆனாலும் இந்தக் கலை பெருவெள்ளமாகப் பாய்ந்த இடம் வடமேற்கு: இன்றைய பாகிஸ்தானின் தட்சசீலம், பெஷாவர் சமவெளி, ஸ்வாத், அப்புறம் ஆப்கானிஸ்தானில் ஜலாலாபாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹத்தா.

முதலில் கல் விவகாரம். காந்தாரச் சிற்பிகள் விரும்பிய கல் ஷிஸ்ட் எனப்படும் சாம்பல் நிறப் படலக்கல். அது ஸ்வாத், பெஷாவர் பக்கத்து மலைகளில் கிடைத்தது. தட்சசீலத்தில் அது கிடையாது; தூரத்திலிருந்து சுமந்து வர வேண்டும். அங்கே கிடைத்தது காஞ்சூர் என்னும் பொத்தல் பொத்தலான சுண்ணாம்புக்கல். அதில் மூக்கும் விரலும் நுணுக்கமாகச் செதுக்க முடியாது. பெரிய வடிவத்தை மட்டும் வெட்டிவிட்டு, மேலே சுதை பூசி முகத்தையும் மடிப்பையும் கொண்டுவர வேண்டும். ஹத்தாவிலும் நல்ல சிற்பக்கல் தாராளமாக இல்லை. ஆக இந்த இரண்டு இடங்களும் சுதைக்குப் பேர்போனது தற்செயல் இல்லை. ஆனால் கல் இல்லாததால்தான் சுதைக்குப் போனார்கள் என்று அதோடு முடித்துவிடக் கூடாது. கல் நன்றாகக் கிடைத்த பெஷாவர் சமவெளியின் தக்த்-இ-பாஹி மடாலயத்திலும் சுதையில் பிரம்மாண்டமான புத்தர்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்துப் பொங்கி மாவாகும். மணலோ கல்தூளோ சேர்த்துக் குழைத்துப் பூசிவிட்டால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்ளே இழுத்து மறுபடியும் கல்லாகிறது. அதாவது சிற்பிக்குக் கையில் கிடைப்பது வெண்ணெய் மாதிரியான பொருள். முடிந்த பிறகு நிற்பது சுண்ணாம்புக்கல். ஜிப்சத்தைச் சுடச் சுமார் 150 டிகிரி போதும், விறகு மிச்சம். ஆனால் ஈரம் பட்டால் சுண்ணாம்பு அளவுக்குத் தாங்காது. மூன்றாவது பொருள் வெறும் மண். வைக்கோல், ஆட்டுமுடி போன்றவற்றைச் சேர்த்துப் பிசைந்தால் காயும்போது வெடிக்காது. அடுப்பே வேண்டாம். ஆனால் மண் காய்கிறதே தவிர வேதியியல் ரீதியாக இறுகுவதில்லை. தண்ணீர் பட்டால் மறுபடியும் சேறுதான்.

இந்தக் கடைசி வித்தியாசத்தில்தான் தலைகளின் கதை இருக்கிறது.

ஸ்தூபம் என்னும் பௌத்த வழிபாட்டு மேட்டைச் சுற்றி நிற்கும் உருவங்கள் தனியாக நிற்பவை அல்ல. முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும். உள்ளே கல்லும் மண்ணும் கலந்த கரு. பெரிய உருவமென்றால் மரக்கழியும் புல்லைத் திரித்த கயிறும். அதன்மேல் கரடுமுரடான முதற்பூச்சு, பிறகு மெல்லிய பூச்சு, கடைசியில் மாவு போன்ற வழவழப்பான மேற்பூச்சு. இதில் சிக்கனமாகச் செய்ய வேண்டுமென்றால் எங்கே குறைப்பார்கள்? உடம்பில்தான். பல இடங்களில் உடம்பை மண்ணால் கட்டிவிட்டு, சுண்ணாம்புச் சுதையை முகத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தலையைத் தனியாகச் செய்து, கழுத்தில் முளை வைத்துப் பொருத்துவதும் வழக்கம். மடாலயம் கைவிடப்பட்டு, கூரை விழுந்து, சில மழைக்காலம் போனால் என்ன ஆகும்? மண் உடம்பு கரைந்து சுவரடியில் மேடாகிவிடும். சுண்ணாம்புத் தலை கழன்று விழுந்து, அந்த மேட்டுக்குள்ளேயே பத்திரமாகப் புதைந்து கிடக்கும். ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்துத் தோண்டுபவருக்குக் கிடைப்பது தலை. வாளோ கோடாரியோ தேவையில்லை, மழையே போதும்.

எங்கும் தலைதான் மிஞ்சும் என்றும் சொல்ல முடியாது. தக்த்-இ-பாஹியில் சொன்ன அந்தப் பெரிய புத்தர்களில் இன்று இருப்பவை சுவரை ஒட்டி நிற்கும் பாதங்கள் மட்டும். இலங்கையின் பொலன்னறுவையில், காலத்தால் மிகவும் பிந்திய லங்காதிலகத்தில், செங்கல்லும் சுதையுமாகக் கட்டிய புத்தருக்கு உடம்பு இருக்கிறது, தலை இல்லை. அங்கே உடம்பு செங்கல், அதனால் கரையவில்லை. எது மிஞ்சுகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே என்ன வைத்துக் கட்டினார்கள் என்பதுதான்.

அச்சு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுதையை மதிப்புக் குறைத்துப் பேசுபவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். புத்தரின் முகங்கள் பல அச்சில் எடுத்தவை. முன்பக்க முகத்தை அச்சில் அழுத்தி எடுத்து, பின்மண்டையைக் கையால் ஒப்பேற்றி (சுவரைப் பார்த்த பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்), காதை ஒட்டி, முடியையும் உச்சிக்கொண்டையையும் சேர்த்து, ஈரம் காய்வதற்குள் இமையையும் உதட்டையும் கூர்மையான கருவியால் திருத்துவார்கள். அதனால் ஒரே அச்சில் பிறந்த இரண்டு முகங்கள்கூடச் சற்று வேறு வேறு மனநிலையில் இருப்பது போலத் தெரியும்.

ஆனால் ஹத்தாவின் தலைகளை மொத்தமாகப் பார்த்தால் வேறொன்று புலப்படும். புத்தர் முகங்களில்தான் இந்த ஒற்றுமை. சுற்றி நிற்பவர்கள், அதாவது தானம் கொடுத்தவர்கள், துறவிகள், மீசை வைத்த அந்நியர்கள், பல்லைக் காட்டும் அசுரர்கள், ஒட்டிய கன்னத்துக் கிழவர்கள் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. புத்தரின் முகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று லட்சண விதி உண்டு. அதை மீற யாருக்கும் விருப்பமில்லை. லட்சணம் கட்டாயப்படுத்தாத இடத்தில் சிற்பியின் கை அவிழ்ந்துவிடுகிறது. ஒரு அழுகிற முகத்தையோ கொட்டாவி விடுவது போன்ற வாயையோ ஷிஸ்ட் கல்லில் செதுக்க எத்தனை நாள் ஆகும், தவறினால் எவ்வளவு நஷ்டம்! சுதையில் கட்டைவிரலால் ஒரு அழுத்து, பிடிக்கவில்லையென்றால் வழித்துவிட்டு மறுபடி. என்னைக் கேட்டால் காந்தாரக் கலையின் மிகச் சிறந்த முகங்கள் கல்லில் இல்லை, இந்தத் துணைப் பாத்திரங்களின் சுதை முகங்களில்தான் இருக்கின்றன.

இன்று வெள்ளையாகத் தெரியும் இந்த முகங்களெல்லாம் வண்ணம் தீட்டியவை. இமைக் கோடு, உதடுகளுக்கு நடுவே உள்ள கோடு, காதின் ஓரம், கழுத்து மடிப்பு ஆகியவற்றில் காவிச் சிவப்பு இழுத்திருப்பார்கள். கண்மணியும் புருவமும் கருப்பு. மேலாடைக்குச் சிவப்பு. வசதி இருந்த இடத்தில் பொன் தகடு. பல தலைகளில் உதட்டிடுக்கிலும் காது மடலிலும் அந்தச் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல் சிற்பங்களும் வண்ணமும் பொன்னும் பூசியவைதான். ஆக, பூசி முடித்த பிறகு கல் எது, சுதை எது என்று கீழே நின்று வணங்குபவருக்குத் தெரிந்திருக்கவே முடியாது. கல்லுக்கும் சுதைக்கும் நாம் போடும் தரவரிசை, வண்ணம் உதிர்ந்த பிறகு வந்த நம்முடைய பிரச்சினை.

சரி, இத்தனை உருவங்கள் எதற்கு? தட்சசீலத்துக்குப் பக்கத்தில் குன்றின்மேல் இருக்கும் ஜௌலியான் மடாலயத்தில் இதற்கு நல்ல பதில் கிடைக்கிறது. நடுவில் பெரிய ஸ்தூபம், அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு 27 சின்ன ஸ்தூபங்கள். ஒவ்வொன்றின் அடித்தளத்திலும் அடுக்கடுக்காகச் சுதை: கீழே யானையும் சிங்கமும் சுமை தாங்கும் பூதங்களும், மேலே மாடங்களில் அமர்ந்த புத்தர்கள். சில உருவங்களுக்குக் கீழே, அந்தப் பகுதியின் பழைய எழுத்தான கரோஷ்டியில் யாருடைய தானம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயர்களில் பிக்குகளின் பெயர்களும் உண்டு. அரசரும் பெருவணிகரும் பெரிய ஸ்தூபத்தைக் கட்டியிருக்கலாம். சின்ன ஸ்தூபத்தையோ அதன் சுவரில் ஒரு மாடத்தையோ கொடுத்துப் புண்ணியம் தேடியவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில், அடுத்த யாத்திரைக் கூட்டம் வருவதற்குள் முடித்துக் கொடுக்கக்கூடிய பொருள் சுதை. இடம் தீர்ந்தால் இன்னொரு ஸ்தூபம், பழசானால் அதன் மேலேயே புதுப்பூச்சு. ஒரே உருவம் நூறு முறை திரும்ப வருவது நமக்குச் சலிப்பாகத் தோன்றலாம். கொடுத்தவர்களுக்கு ஒவ்வொன்றும் தனித் தனி தானம்.

அதே ஜௌலியானில் ஒரு புத்தர் உருவத்தின் தொப்புளில் ஓட்டை இருக்கிறது. நோய் உள்ளவர்கள் அதில் விரலை வைத்து வேண்டிக்கொள்வார்கள் என்று சொல்கிறார்கள். நோய் தீர்க்கும் புத்தர் என்றே இன்று அதற்குப் பெயர். அதன் கீழேயும் கரோஷ்டியில் புத்தமித்திரன் என்ற கொடையாளியின் பெயர் இருக்கிறது. தூரத்தில் நின்று தரிசித்துவிட்டுப் போகிற வழிபாடு இல்லை இது. தொட்டு, விரல் பதித்து நடக்கிற வழிபாடு.

இந்தத் தொடுதலுக்கு ஹத்தாவில் இன்னும் விசித்திரமான உதாரணம் இருக்கிறது. அங்கே புத்தரின் மண்டை எலும்பு என்று நம்பப்பட்ட ஒரு தாது (வணக்கத்துக்குரிய உடல் எச்சம்) இருந்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீன யாத்திரிகர் பாகியான், அது திருடு போய்விடுமோ என்ற பயத்தில் பெருங்குடும்பங்களைச் சேர்ந்த எட்டுப் பேர் ஆளுக்கொரு முத்திரை வைத்துக் காவல் காத்ததை எழுதியிருக்கிறார். 7ஆம் நூற்றாண்டில் வந்த இன்னொரு சீனத் துறவி யுவான் சுவாங் சொல்வது அதைவிடச் சுவாரசியம். நல்லது கெட்டது தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் வாசனைப் பொடியைக் குழைத்து அந்த எலும்பின்மேல் அழுத்தி எடுப்பார்களாம். அதில் பதியும் கோலத்தைப் பார்த்துப் பலன் சொல்வார்களாம். இதற்கெல்லாம் பொற்காசில் கட்டணமும் உண்டு. குழைத்த பொருளை அழுத்தி உருவம் எடுப்பது அந்த ஊரில் சிற்பக் கூடத்து வேலை மட்டுமில்லை, பூஜையும்கூட. அச்சில் எடுத்த முகம் என்றால் மட்டமானது என்ற எண்ணம் ஹத்தாவின் பக்தருக்கு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அறிஞர்கள் மத்தியில் அந்த எண்ணம் நிறைய இருந்தது. 1913 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தட்சசீலத்தைத் தோண்டிய ஜான் மார்ஷல், குஷாண மன்னர்கள் ஆண்ட காலத்தில் (கி.பி. முதல் சில நூற்றாண்டுகள்) கல் சிற்பம் செழித்தது, அது ஓய்ந்த பிறகு 4, 5ஆம் நூற்றாண்டுகளில் சுதை எழுந்தது என்று இரண்டு கட்டமாகப் பிரித்தார். அவருக்குச் சுதை பிடிக்கும், அதைத் தாழ்த்தவில்லை. (அவருடைய ஜௌலியான் அறிக்கையில் வி. நடேச ஐயரின் பங்களிப்பும் உண்டு. தமிழ்ப் பெயர் ஒன்றைத் தட்சசீலத்தில் பார்க்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.) ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்தப் பிரிவினையைச் சுலபமான ஒரு கதையாக்கிவிட்டார்கள்: பணம் தீர்ந்தது, கல் போய்ச் சுண்ணாம்பு வந்தது, கலை சரிந்தது. மார்ஷல் தோண்டிய சிர்காப் நகரத்திலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. அங்கே பின்பக்கம் அரைவட்டமாக வளைந்த ஒரு கோயிலில் கிடைத்த சுதைத் தலைகள் கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல்லும் சுதையும் தொடக்கத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பிற்பாடு சுதையின் பங்கு கூடியது, அவ்வளவுதான்.

இந்தத் தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது என்ற விவாதத்துக்கு வடக்கு ஆப்கானிஸ்தானில் ஆமு தாரியா ஆற்றங்கரையில் இருக்கும் 'ஐ கானும்' என்ற இடம் முக்கியம். அலெக்சாந்தருக்குப் பின் வந்த கிரேக்கர்கள் குடியேறிய நகரம். 1960களிலும் 70களிலும் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அங்கே மரச்சட்டத்தின் மேல் மண்ணும் சுதையும் வைத்துச் செய்த சிலைகளைக் கண்டெடுத்தார்கள். அங்கே சலவைக்கல் அரிது. பெரிய சிலையில் கை, கால் போன்ற வெளியே தெரியும் உறுப்புகளுக்கு மட்டும் அதைச் செலவழித்துவிட்டு மீதியை மலிவான பொருளில் செய்தார்கள். முகத்துக்கு நல்ல பொருள், உடம்புக்கு மலிவான பொருள் என்ற ஹத்தாவின் கணக்கு இங்கேயே தொடங்கிவிட்டது. ஆனால் மண்ணால் உருவம் செய்ய இந்தியத் துணைக்கண்டத்துக்குக் கிரேக்கர் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. மரச்சட்டக் கட்டுமானமும் சில முகச் சாயல்களும் அங்கிருந்து வந்திருக்கலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஹத்தாவை 1926 முதல் 1928 வரை தோண்டியவர் ழூல் பார்த்தூ. ஆப்கானிஸ்தானில் தொல்லியல் ஆய்வு நடத்த 1922இல் பிரான்ஸ் பெற்ற உரிமையின் கீழ் நடந்த வேலை அது. 500க்கும் மேற்பட்ட ஸ்தூபங்களும் ஆயிரக்கணக்கான சிற்பத் துண்டுகளும் கிடைத்தன. கிடைத்ததில் ஒரு பங்கு காபூலுக்கு, ஒரு பங்கு பாரிஸுக்கு. சுவரோடு ஒட்டியிருந்த உடம்புகளைப் பெயர்த்துக் கொண்டுபோவது கஷ்டம். தலைகளைப் பெட்டியில் அடுக்கலாம். இயற்கை ஏற்கெனவே செய்திருந்த தேர்வை ரயிலும் கப்பலும் உறுதி செய்தன. பாரிஸுக்குப் போன தலைகளைப் பார்த்த ஐரோப்பியர்கள் சிலருக்குத் தங்கள் ஊர்த் தேவாலயக் கதவுகளில் சிரிக்கும் தேவதூதர்கள் நினைவுக்கு வந்தார்கள். 'கோதிக்-பௌத்தக் கலை' என்று ஒரு பேச்சே 1930களில் கிளம்பியது. அந்தத் தேவாலயங்களின் இடைக்காலப் பாணியான கோதிக் சிற்பம் இதற்கு ஏழெட்டு நூற்றாண்டுகள் பிந்தியது. தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சு ஒரு காரியம் செய்தது. சுற்றியிருந்த கூட்டம், கதை, வண்ணம் எல்லாவற்றிலிருந்தும் பிரித்த ஒற்றைத் தலைக்குச் சந்தையில் விலை வந்துவிட்டது. விலை வந்ததும் போலிகளும் வந்தன. சுதையில் போலி செய்வது சுலபம்: சுண்ணாம்பு அதேதான், அச்சும் அசலிலிருந்தே எடுக்கலாம். எந்தச் சுவரில் இருந்தது என்ற பதிவு இல்லாத தலையைப் பற்றி எந்த நிபுணரும் சத்தியம் செய்ய மாட்டார்.

கூட்டத்தோடு சேர்ந்த சிற்பம் எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டிய இடம் ஹத்தாவின் தபா ஷோதோர். 1960களிலும் 70களிலும் ஆப்கானிய அகழாய்வாளர்கள், கடைசியில் ஜெமாரியாலாய் தர்ஸி, அங்கே வேலை செய்தார்கள். இந்த முறை தலையைப் பெயர்த்து எடுக்கவில்லை. கண்ட இடத்திலேயே கூரை போட்டுக் காப்பாற்றினார்கள். மாடத்தின் நடுவில் புத்தர். பக்கத்தில் காவலாக வஜ்ரபாணி. ஆனால் தோளில் சிங்கத் தோலும் முறுக்கேறிய உடலுமாக அவர் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் மாதிரியே உட்கார்ந்திருந்தார். இன்னொரு அறையில் சுவரெல்லாம் நீரலை, அதில் மீன்கள், நீரிலிருந்து எழும் நாகராஜன். இது சிலை வைத்த அறை என்பதைவிட உள்ளே நுழைபவரையும் சேர்த்துக்கொள்ளும் காட்சி. பெரும்பாலும் சுடாத மண்ணில் செய்தவை. 1980களிலும் அதையடுத்தும் நடந்த போரில் அந்த இடம் சூறையாடப்பட்டு அழிந்தது. இன்று அது புகைப்படங்களில் மட்டும் இருக்கிறது.

அழிவும் சுதையும் எப்போதும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜௌலியான் மடாலயம் 5ஆம் நூற்றாண்டு வாக்கில் தீயில் எரிந்தது. படையெடுத்து வந்த ஹூணர்கள் கொளுத்தினார்கள் என்று மார்ஷல் நினைத்தார்; இன்று பலர் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. யார் வைத்த தீயானாலும், அது அங்கிருந்த மண் உருவங்கள் சிலவற்றைச் சுட்டுச் சுடுமண் ஆக்கிவிட்டது. மழையில் கரைந்திருக்க வேண்டியவை அதனால் தப்பின.

காபூல் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த ஹத்தா பங்குக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம் இல்லை. 1990களின் உள்நாட்டுப் போரில் கட்டடம் குண்டுக்கு இலக்கானது, பொருட்கள் களவு போயின. 2001இல் தாலிபான்கள் உள்ளே புகுந்து மிச்சமிருந்த உருவச் சிலைகளைச் சுத்தியலால் உடைத்தார்கள். ஊழியர்கள் துண்டுகளைக் கூட்டி வைத்துக் காப்பாற்றினார்கள். பின்னால் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பிரித்து ஒட்டும் வேலை தொடங்கியது. இங்கே அச்சு வேறுவிதமாகப் படுத்துகிறது. ஒரே அச்சில் பிறந்த கன்னமும் மூக்கும் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தாலும் பொருந்துவது போலத் தோன்றும். முகத்தை நம்ப முடியாது. உடைந்த விளிம்பையும், உள்ளே இருக்கும் கரடுமுரடான பூச்சின் அடுக்கையும், பழைய புகைப்படங்களையும் வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

அதே 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தர்களை எல்லோரும் கல் சிலைகள் என்றே நினைக்கிறார்கள். 55 மீட்டர், 38 மீட்டர் உயரத்துக்குப் பாறையில் குடைந்தது உடல்வடிவம் மட்டும். மேலாடையின் அத்தனை மடிப்புகளும் பாறையில் மரமுளை அடித்து, கயிறு கட்டி, மண் சாந்தால் உருவாக்கியவை, அதன்மேல் வண்ணம். இடிபாடுகளை ஆராய்ந்த ஜெர்மன் குழு அந்தச் சாந்தில் வைக்கோலும் விலங்கு முடியும் இருப்பதைக் கண்டது. வைக்கோல் இருந்தால் கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணிக்கலாம். சின்ன புத்தர் 544க்கும் 595க்கும் இடையில், பெரியவர் 591க்கும் 644க்கும் இடையில் என்று வந்தது. வண்ணத்தையும் ஒரு முறை பூசி விட்டுவிடவில்லை. பல தடவை மாற்றிப் பூசியிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் பெரியவரின் ஆடை சிவப்பாகவும் சின்னவருடையது வெள்ளையாகவும் இருந்தது. கல்லுக்குக் காலம் கணிக்க இப்படி ஒரு வழியே கிடையாது. மட்டமான பொருள் என்று சொன்ன மண்தான் தேதியைக் கொடுத்தது.

ஹத்தாவுக்குப் பிறகு இந்தக் கலை இரண்டு திசையில் நகர்ந்தது. கிழக்கே நாளந்தாவின் பெரிய கோயில் மூலைக் கோபுரங்களில் சுதைப் புத்தர்களும் போதிசத்துவர்களும் நிற்கிறார்கள். வடக்கே மத்திய ஆசியாவில் சுண்ணாம்பு குறைந்து, மண்ணே முழுப்பொருளாகிவிட்டது. தஜிகிஸ்தானின் அஜினா தெபேயில் 1966இல் கிடைத்த படுத்திருக்கும் புத்தர் சுமார் 13 மீட்டர் நீளம், முழுக்க மண். அதைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் துஷான்பேக்குக் கொண்டுபோக முடிந்தது. இன்னும் கிழக்கே சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் 2,000க்கும் மேற்பட்ட வண்ண மண் சிலைகள் இருக்கின்றன. அங்கே பாறை சரளைக்கல் சேர்ந்து உதிரும் தன்மையுடையது, செதுக்கினால் நிற்காது. வறண்ட காற்று என்பதால் பல மண் உடம்புகள் தலையோடு முழுதாகவே இருக்கின்றன.

காபூலுக்குத் தெற்கே லோகர் மாகாணத்தில் மெஸ் ஐனாக் என்ற இடத்தில், சுவரோடு ஒட்டிய உடம்புகளை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் தீராமல் இருக்கிறது. அங்கே ஒரு பௌத்த நகரமும் மடாலயங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் உலகின் பெரிய செம்புப் படிவங்களில் ஒன்று. 2008இல் சீன அரசு நிறுவனம் ஒன்றுக்குச் சுரங்க உரிமை கொடுத்தார்கள்; அடுத்த ஆண்டிலிருந்து அவசர அகழாய்வு நடந்தது. வண்ணம் அழியாத மண் புத்தர்கள் வெளியே வந்தார்கள். கல் சிலையைக் கிரேன் வைத்துத் தூக்கலாம். மண் உருவத்தின் முதுகு சுவரோடு, சுவர் அறையோடு, அறை குன்றோடு ஒட்டியிருக்கிறது. அதனால்தான் திறந்தவெளிச் சுரங்கத்துக்குப் பதிலாக நிலத்துக்கு அடியில் குடைந்து செம்பு எடுக்கலாமே என்று தொல்லியலாளர்கள் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் செலவு கூடும், எடுக்கும் தாதுவின் அளவும் குறையலாம். ஆனால் சுவர்கள் நின்ற இடத்தில் நிற்கும்.